புத்தகக் கடை பார்க்க வெளிநாடு போகிறீர்களா? முதலில் ஒரு தராசு வாங்குங்கள்

செக்-இன் கவுண்டரில் தராசு 31.4 கிலோ காட்டியது. எனக்கு அனுமதி 23. பின்னால் நீண்ட வரிசை. பெட்டியைத் தரையில் போட்டுத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக உருவி, கோட்டின் உள்பையில் இரண்டு, வெளிப்பையில் நான்கு என்று திணித்துக்கொண்டேன். ஒரு கெட்டி அட்டை ஓவியப் புத்தகத்தை பெல்ட்டுக்குள் செருகப் பார்த்ததை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. அப்படியும் மூன்று கிலோ மிஞ்சியது. அதற்குக் கட்டிய பணத்தில் அந்த மூன்று கிலோவையும் இன்னொரு முறை வாங்கியிருக்கலாம்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்தப் பயணத்தில் நான் கோட்டைவிட்ட நாட்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பழைய புத்தகத் தெரு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். பாதி ஷட்டர்கள் இறங்கியிருந்தன. முன்பதிவு செய்யாமல் போன கடை வாசலில் ஒன்றரை மணி நேரம் கால் கடுக்க நின்றேன். இன்னொரு ஊரில், மூடிச் சில வருடமாகிவிட்ட கடையைத் தேடி நள்ளிரவில் அலைந்தேன்.

இரண்டாவது பயணத்தில் இவை எதுவும் நடக்கவில்லை. முதல் பயணம் கற்றுக்கொடுத்ததை வரிசையாகச் சொல்கிறேன். கட்டணங்களும் நேரங்களும் மாறக்கூடியவை. டிக்கெட் போடுகிற வாரத்தில் அந்தந்த அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. பார்க்கிற கடை எது, துழாவுகிற கடை எது?

உலகின் அழகான கடைகள் என்று சுற்றுகிற பட்டியல்களில் இரண்டு வகைக் கடைகளும் கலந்து கிடக்கும். பிரித்துக்கொள்ளாமல் போனால் ஏமாற்றம் நிச்சயம்.

போர்ச்சுகலின் போர்ட்டோவில் 1906இல் திறந்த லிவ்ராரியா லெல்லோ பார்க்கிற கடை. நடுவே இரண்டாகப் பிரிந்து வளைந்து ஏறும் சிவப்புப் படிக்கட்டு, மேலே வண்ணக் கண்ணாடிக் கூரை. அண்ணாந்து பார்த்தபடியே கூட்டத்தோடு நகர்வீர்கள். அலமாரி முன் ஐந்து நிமிடம் நின்றால் யாருடைய செல்ஃபியிலாவது விழுவீர்கள். புவனோஸ் ஐரிஸின் எல் அத்தேனியோ கிராண்ட் ஸ்ப்ளெண்டிட் 1919இல் திறந்த நாடக அரங்கு. 2000 முதல் புத்தகக் கடை. மேடைத் திரை அப்படியே இருக்கிறது, மேடைமேல் காபிக் கடை, பக்கவாட்டு பாக்ஸ்களில் உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் பெரும்பாலும் ஸ்பானிஷ் புத்தகங்கள்தான். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் உள்ள டொமினிக்கானென் கடை 13ஆம் நூற்றாண்டு தேவாலயத்துக்குள் இருக்கிறது. கல் தூண்களுக்கு நடுவே கறுப்பு எஃகில் பல தள அலமாரி எழுப்பியிருக்கிறார்கள். மேலே ஏறினால் கூரை ஓவியத்துக்குக் கிட்டத்தில் போய்விடலாம். நுழைவுக் கட்டணம் இல்லை. என்னைக் கேட்டால் பார்க்கிற கடைகளில் இதற்குத்தான் முதலிடம்.

துழாவுகிற கடைகள் வேறு ரகம். போர்ட்லண்டின் பவல்ஸ் ஒரு முழுத் தெருக்கட்டத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அறைக்கு ஒரு நிறம் வைத்து, வரைபடத்தோடு உள்ளே விடுவார்கள். புதிய பிரதியும் பழைய பிரதியும் ஒரே தட்டில் அடுத்தடுத்து இருக்கும். ஒரு தலைப்பைத் தொட்டால் மூன்று விலை கிடைக்கும். டோக்கியோவின் ஜிம்போச்சோ முழுக்க முழுக்கப் பழைய புத்தகக் கடைகளின் பேட்டை, நூற்றுக்கும் மேல். இங்கிலாந்து எல்லையை ஒட்டிய வேல்ஸ் ஊரான ஹே-ஆன்-வையில் இருபதுக்கும் மேற்பட்ட கடைகள். லண்டன் மேரில்போனில் உள்ள டான்ட் புக்ஸில் புத்தகங்களை நாடு வாரியாக அடுக்கியிருக்கிறார்கள். போர்ச்சுகல் என்று ஒரு தட்டு. அதில் பயண நூல், வரலாறு, நாவல், சமையல் எல்லாம் சேர்ந்திருக்கும். பயணத்தின் முதல் நாளிலேயே இங்கே போவது நல்லது.

பார்க்கிற கடைக்கு ஒரு மணி நேரம் போதும். துழாவுகிற கடைக்கு அரை நாளாவது வேண்டும். ஜிம்போச்சோவுக்கும் ஹேவுக்கும் முழு நாள். ஒரு ஊருக்கு ஒரு பார்க்கிற கடை, ஒரு துழாவுகிற கடை. மூன்றாவதைச் சேர்த்தால் எதையும் வாங்காமல் டாக்சியிலேயே நாள் போய்விடும்.

2. விசா: கடைகளின் வரிசையே விண்ணப்பத்தைத் தீர்மானிக்கும்

இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். கீழே சொல்வது விசா தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு.

போர்ச்சுகல், பிரான்ஸ், நெதர்லாந்து, இத்தாலி நான்கும் ஷெங்கன் பகுதி (பொது விசா வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு). ஒரே விசா போதும். லண்டனும் ஹேவும் பிரிட்டன். அதற்குத் தனி விசா. பாரீஸிலிருந்து ரயிலில் லண்டன் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இரண்டு விசா எடுக்க வேண்டும். அதோடு ஷெங்கன் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். ஒருமுறை நுழைவு விசாவில் லண்டனுக்குக் கிளம்பினால் அதோடு ஷெங்கன் கதை முடிந்தது. உங்கள் திரும்பும் விமானம் பாரீஸிலிருந்து என்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஷெங்கன் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு. முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். ஆனால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும் காலங்கள் உண்டு. நான் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுவேன். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ (2024 ஜூன் முதல்). விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? அதிக நாள் தங்கும் நாட்டிடம். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். போர்ச்சுகலில் நான்கு நாள், பிரான்ஸில் மூன்று நாள் என்று திட்டம் போட்டுவிட்டு, அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது என்பதற்காக பிரான்ஸிடம் கொடுக்காதீர்கள். உங்கள் ஹோட்டல் பதிவுகளே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

கையில் இருக்க வேண்டியவை:

- கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்ட பாஸ்போர்ட்; ஷெங்கனை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமாவது இருக்க வேண்டும்
- குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு, பயண நாட்கள் முழுக்க
- தங்குமிடப் பதிவு, விமான முன்பதிவு (விசா வரும்வரை பணம் திரும்பக் கிடைக்கும் வகை டிக்கெட்டாக இருக்கட்டும்)
- வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை அல்லது தொழில் சான்று
- நாள்வாரிப் பயணத் திட்டம்

அந்தத் திட்டத்தில் "புத்தகக் கடைகள் பார்க்க" என்று எழுதலாமா என்று தயங்கினேன். எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண்மணி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், "கடைகளையா, ஊரையா?" என்றார். இரண்டும் என்றேன். சுற்றுலா என்ற பிரிவுக்குள் அது தாராளமாக அடங்கும். பூசி மெழுகத் தேவையில்லை.

பிரிட்டன் சுற்றுலா விசாவுக்குப் பயணத்துக்கு 3 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முடிவு வர வழக்கமாக 3 வாரம். 6 மாத விசாவுக்கு 2025 ஏப்ரலில் கட்டணம் 127 பவுண்டாக உயர்ந்தது. அமெரிக்கச் சுற்றுலா விசாவின் விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். நேர்காணல் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். எனவே பவல்ஸையும் நியூயார்க்கின் ஸ்ட்ராண்ட் புத்தகக் கடையையும் ஐரோப்பாவோடு முடிச்சுப் போடாமல் தனிப் பயணமாக வையுங்கள்.

இன்னொன்று. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதில் விரல்ரேகையும் புகைப்படமும் எடுக்கும் முறை தொடங்கியிருக்கிறது. முதல்முறை பதிவு செய்யும்போது வரிசை நீளும். இறங்கிய அன்றே எந்தக் கடைக்கும் நேரம் குறித்த சீட்டு வாங்காதீர்கள்.

3. கிழமையைப் பாருங்கள்

நாம் பயணத் தேதியைப் பார்ப்போம், கிழமையைப் பார்க்க மாட்டோம். பழைய புத்தகக் கடைக்காரர்கள் வாழ்வது கிழமைக் கணக்கில்.

ஜிம்போச்சோவில் பல கடைகள் ஞாயிறும் பொது விடுமுறையும் மூடியிருக்கும். திறந்திருக்கும் நாளிலும் மாலை 6, 6.30க்கு எடுத்துவைக்கத் தொடங்கிவிடுவார்கள். காலை 11 மணிக்குத் தெருவில் இருங்கள். பழைய கடைகளில் பெரும்பாலானவை யாசுகுனி தோரி சாலையின் தெற்குப் பக்கத்தில், வடக்கு பார்த்து இருக்கும். வெயில் பட்டால் புத்தகங்களின் முதுகு வெளுத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. தெரிந்துகொண்டால் உங்களுக்கு லாபம்: ஒரே நடைபாதையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனால் போதும், சாலையைக் கடந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் வருடாந்திரப் பழைய புத்தகத் திருவிழா நடக்கும். நடைபாதையில் அலமாரிகள் வரிசைகட்டும், கூட்டமும் அப்படியே. ஆங்கிலப் புத்தகம் மட்டும் தேடுகிறவர்கள் கிடாசாவா கடைக்கு நேராகப் போகலாம்.

பாரீஸில் சேன் நதிக்கரைச் சுவரில் பச்சைப் பெட்டிகள் வைத்து விற்கும் புக்கினிஸ்ட்டுகள் மதியத்துக்கு மேல்தான் முழுமையாகத் திறப்பார்கள். மழை வந்தால் அதுவும் இல்லை. அவர்களுக்காக இரண்டு மதியங்களை ஒதுக்கினால் ஒன்றாவது உருப்படியாக அமையும்.

ஹேவுக்கு ரயில் நிலையம் கிடையாது. லண்டனிலிருந்து ஹெரிஃபோர்ட் வரை ரயில். அங்கிருந்து சுமார் 33 கிலோமீட்டர் பேருந்தில், ஒரு மணி நேரம். கடைசிப் பேருந்து மாலையிலேயே போய்விடும். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை நம்பவே வேண்டாம். ஓர் இரவு தங்குங்கள். மே கடைசி வாரத்தில் இலக்கியத் திருவிழா தொடங்கும். அதற்காகவே போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்தப் பத்து நாளைத் தவிர்ப்பது உத்தமம். அறை கிடைக்காது, கிடைத்தால் விலை கேட்க முடியாது.

தைப்பேயில் இரவெல்லாம் திறந்திருக்கும் எஸ்லைட் கடையைத் தேடி நான் போன இடம் துன்னான் கிளை. பழைய பயணக் கட்டுரைகள் எல்லாம் அதைத்தான் சொல்லும். அது 2020 மே 31 அன்றே மூடப்பட்டுவிட்டது. 24 மணி நேரச் சேவை இப்போது சோங்யான் கிளையில். இரவு 1 மணிக்கு அங்கே தரையில் சம்மணம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்ததும் டாக்சிக்குக் கொடுத்த காசு மறந்துபோனது.

4. நுழைவுச் சீட்டும் வரிசையும்

லெல்லோவுக்குச் சீட்டில்லாமல் போக முடியாது. 2015இல் 3 யூரோவாகத் தொடங்கிய கட்டணம் இப்போது 10 யூரோ அளவில் இருக்கிறது. தேதியும் நேரமும் குறித்து இணையத்தில் வாங்க வேண்டும். புத்தகம் வாங்கினால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வார்கள். பலரும் இதை மறந்து படம் எடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வருகிறார்கள். எப்படியும் பணம் கொடுத்தாகிவிட்டது, சிறு செம்பதிப்பு ஒன்றையாவது எடுத்து வாருங்கள். கடையே பழைய செவ்வியல் நூல்களைத் தன் பதிப்பாக, ஆங்கிலத்திலும், வெளியிடுகிறது. நாளின் முதல் நேரத்தையே பிடியுங்கள்.

லிஸ்பனில் பெர்ட்ரான் கடைக்கு (1732 முதல்) கட்டணம் கிடையாது. இயங்கிக்கொண்டிருக்கும் கடைகளில் உலகிலேயே பழையது என்று கின்னஸ் சான்று பெற்றது. கேட்டால் வாங்கிய புத்தகத்தில் அதற்கான முத்திரை குத்தித் தருவார்கள். கேட்காவிட்டால் இல்லை.

பாரீஸின் ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனிக்கும் கட்டணம் இல்லை, வரிசை உண்டு. நோத்ர தாம் தேவாலயத்துக்கு எதிர்க்கரையில் இருப்பதால் மதியத்துக்கு மேல் கூட்டம் தெருவுக்கு வந்துவிடும். வார நாளில் திறக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். உள்ளே படம் எடுக்கக்கூடாது. மாடியில் இருப்பவை விற்பனைக்கல்ல, உட்கார்ந்து படிக்க. இது தெரியாமல் மாடியிலிருந்து ஒரு புத்தகத்தை ஆசையாகக் கீழே கொண்டுவந்து கல்லாவில் நீட்டியவர்களில் நானும் ஒருவன். இங்கும் பில் போடும்போது முத்திரை கேளுங்கள்.

வெனிஸில் அக்குவா ஆல்ட்டா கடைக்குச் சீட்டு வேண்டாம், ஆனால் ஊருக்கே வேண்டும். 2024 முதல், கூட்டம் அதிகமான குறிப்பிட்ட நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். 2025இல் முன்கூட்டியே பதிவு செய்தவர்களுக்கு 5 யூரோ, கடைசி நேரத்தில் வந்தவர்களுக்கு 10. ஊருக்குள் இரவு தங்குகிறவர்கள் கட்ட வேண்டாம், ஆனால் விலக்குக்குப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். கடைக்குள் வெள்ளத்துக்குப் பயந்து புத்தகங்களைக் குளியல் தொட்டியிலும் ஒரு கோண்டோலா படகிலும் குவித்திருக்கிறார்கள். பின்முற்றத்தில் பழைய கலைக்களஞ்சியங்களை அடுக்கிக் கட்டிய படிக்கட்டு. ஏறினால் கால்வாய் தெரியும். மழை நாளில் வழுக்கும், பார்த்து. குவியலின் அடியிலிருந்து எடுத்த புத்தகத்தை வாங்குவதற்கு முன் முகர்ந்து பாருங்கள். ஈர வாடை அடித்தால் விட்டுவிடுங்கள்; பூஞ்சை பெட்டிக்குள் பக்கத்துப் புத்தகத்துக்கும் பரவும்.

5. கடைக்குள் நடந்துகொள்வது

முதுகுப் பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். பழைய கடைகளில் இரண்டு அலமாரிக்கு நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் போகத்தான் இடம் இருக்கும். திரும்பும்போது உங்கள் பை ஒரு வரிசையையே தள்ளிவிடும்.

ஜிம்போச்சோவில் வாசலில் இருக்கும் தள்ளுவண்டிப் புத்தகங்களை யாரும் தொடலாம். உள்ளே மெல்லிய கண்ணாடித்தாள் உறை போட்டவற்றைக் கேட்டுவிட்டு எடுங்கள். முதுகின் தலைப்பகுதியில் விரலை மாட்டி இழுக்கக்கூடாது. இரு பக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளி, நடுவில் இருப்பதன் இடுப்பைப் பிடித்து எடுக்க வேண்டும். நான் தப்பாக இழுத்தபோது ஒரு பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் வந்து, வேறொரு புத்தகத்தை இப்படி எடுத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அலமாரி முன் நின்று போனில் இணைய விலை ஒப்பிடுவதை எந்த ஊர்க் கடைக்காரரும் ரசிப்பதில்லை. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "உங்கள் ஊர் எழுத்தாளர் யாரையாவது ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், யாரைத் தருவீர்கள்?" போர்ச்சுகலிலும் நெதர்லாந்திலும் இந்தக் கேள்விக்குக் கிடைத்த புத்தகங்கள்தான் என் அலமாரியில் இன்று முன்வரிசையில் இருக்கின்றன. எங்கும் கிடைக்கிற ஆங்கில நாவலை ஒன்பது மணி நேரம் பறந்து போய் வாங்குவானேன்?

6. பணமும் வரியும்

ஜிம்போச்சோவின் சின்னக் கடைகள், சேன் நதிக்கரைப் பெட்டிகள் ஆகியவற்றுக்கு ரொக்கம் வேண்டும். ஹே கோட்டை வளாகத்தில் திறந்தவெளி அலமாரிகள் இருக்கின்றன, ஆளே கிடையாது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெட்டியில் காசு போட வேண்டியதுதான். சில்லறை வைத்திருங்கள்.

கார்டு இயந்திரம் உங்கள் ஊர்ப் பணத்திலா, இந்த ஊர்ப் பணத்திலா என்று கேட்டால் எப்போதும் இந்த ஊர்ப் பணம் என்றே அழுத்துங்கள். இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் சத்தமில்லாமல் சில சதவீதம் போய்விடும்.

வெளிநாட்டுப் பயணிகள் கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். புத்தகத்துக்கு அதைத் துரத்தாதீர்கள். ஐரோப்பாவில் புத்தக வரி ஏற்கெனவே குறைவு: இத்தாலி 4 சதவீதம், பிரான்ஸ் 5.5, போர்ச்சுகல் 6. பிரான்ஸில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால்தான் படிவமே தருவார்கள். கட்டணம் போக மிஞ்சும் சில யூரோவுக்காக விமான நிலையத்தில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். பிரிட்டனில் அச்சுப் புத்தகத்துக்கு வரியே இல்லை, திருப்பித் தரவும் எதுவும் இல்லை. அமெரிக்காவில் அட்டையில் இருக்கும் விலை கல்லாவில் மாறும்: நியூயார்க்கில் 8.875 சதவீதம் ஏறும், பவல்ஸ் இருக்கும் ஆரிகனில் விற்பனை வரியே கிடையாது. இரண்டு ஊருக்கும் போகிறவர்கள் விலை உயர்ந்ததை எங்கே வாங்குவது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிரான்ஸில் புதிய புத்தகத்துக்குப் பேரம் பேசாதீர்கள். 1981 சட்டப்படி விலையைப் பதிப்பாளர்தான் நிர்ணயிப்பார். கடைக்காரர் 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தர முடியாது. ஆகவே கடை கடையாக ஏறி இறங்கவும் வேண்டாம். பழைய புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நதிக்கரையில் மூன்று புத்தகம் சேர்த்து எடுத்தால் தாராளமாகக் கேட்கலாம்.

7. எடை

இதற்காகத்தான் தராசு. பெட்டிக் கைப்பிடியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு உள்ளங்கைக்குள் அடங்கும். பயணத்தில் நான் வாங்கியவற்றிலேயே அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது இதுதான்.

300 பக்க சாதா அட்டை நாவல் 300 முதல் 400 கிராம். கெட்டி அட்டை என்றால் அரைக் கிலோவைத் தாண்டும். கலை, புகைப்படப் புத்தகம் ஒன்றே 2 கிலோ. அதாவது நாவலாக வாங்கினால் 10 கிலோவுக்கு இருபத்தைந்துக்கும் மேல் வரும், ஓவியப் புத்தகமாக வாங்கினால் ஐந்துதான். கிளம்பும்போதே பெட்டி 12 கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பழைய சட்டைகளை எடுத்துப்போய் அங்கேயே விட்டுவிட்டு வருகிறேன்.

ஒவ்வொரு இரவும் அன்றைய கொள்முதலை எடை போட்டு போனில் எழுதுங்கள். மூன்றாம் நாளே 6 கிலோ ஆகிவிட்டது என்று தெரிந்தால் நான்காம் நாள் கை தானாக அடங்கும். கடைசி நாள் மொத்தமாகப் பார்த்தால் என் கதைதான்.

கூடுதல் எடை வேண்டுமென்றால் விமான நிறுவனத்தின் தளத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். கவுண்டரில் அதே கிலோவுக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். நடுவில் ஐரோப்பாவுக்குள் பறக்கும் மலிவு விமானத்தின் எடை அனுமதி தனி. நீண்ட தூர டிக்கெட்டில் 23 கிலோ இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டு, லிஸ்பன்–பாரீஸ் டிக்கெட்டில் சின்னக் கைப்பை மட்டும்தான் என்பதை கேட்டில் தெரிந்துகொள்கிறவர்கள் ஏராளம். முடிந்தவரை ரயில். அங்கே யாரும் பெட்டியை எடை போடுவதில்லை.

கைப்பையில் புத்தகங்களை ஒரே கட்டாக அடுக்காதீர்கள். எக்ஸ்ரேயில் உள்ளே என்ன என்று தெரியாத அடர்த்தியான கட்டியாகத் தெரியும். பையைத் திறக்கச் சொல்வார்கள். மேலாக வையுங்கள், கேட்டால் தட்டில் எடுத்து வைத்துவிடலாம். செக்-இன் பெட்டியில் பெரிய புத்தகங்கள் சக்கரப் பக்கம், முதுகு கீழே பார்க்க, சுற்றிலும் துணி. மூலைகள் மடங்காமல் இருக்க ஒரு துண்டில் சுற்றி பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடுங்கள்.

8. தபாலில் அனுப்புவது

கூரியர் கடைக்கு நேராகப் போய்விடாதீர்கள். தபால் நிலையத்தில் அச்சுப் பொருள் என்று ஒரு வகை பல நாடுகளில் உண்டு, சாதாரண பார்சலைவிட மலிவு. பிரிட்டனிலும் ஜப்பானிலும் கட்டுக்கு 5 கிலோ வரை போகும். ஆனால் கட்டுக்குள் அச்சிட்டது மட்டும்தான் இருக்க வேண்டும். கடிதமோ, சாக்லெட்டோ, சட்டையோ வைத்தால் அந்த வகை செல்லாது. கவுண்டரில் திறந்து பார்க்கக் கேட்கலாம் என்பதால் கடைசி டேப்பை அங்கே போய் ஒட்டுங்கள்.

நிறைய வாங்குகிறவர்களுக்கு அமெரிக்கத் தபால் துறையில் எம்-பேக் என்று ஒன்று இருக்கிறது. ஒரே முகவரிக்குச் சாக்குப் பையில் அச்சுப் பொருள் மட்டும், 66 பவுண்ட் வரை, அதாவது சுமார் 30 கிலோ. கொஞ்சமாக அனுப்பினாலும் 11 பவுண்டுக்கான கட்டணம் கட்டியாக வேண்டும். உங்கள் நாட்டுக்கு அந்தச் சேவை நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

கப்பல் தபால் மிக மலிவு, இரண்டு மூன்று மாதம் ஆகலாம். இந்த வகைகளில் பெரும்பாலும் கண்காணிப்பு எண்ணும் காப்பீடும் கிடையாது. ஆகவே திரும்பக் கிடைக்கிற புத்தகங்களைத் தபாலில் விடுங்கள், கிடைக்காததைக் கையோடு கொண்டுவாருங்கள். நான் அனுப்பிய நான்கு கட்டில் ஒன்று நனைந்து வந்தது. உள்ளே பிளாஸ்டிக் சுற்றாமல் விட்டது அந்த ஒன்றில்தான்.

பவல்ஸ் மாதிரிப் பெரிய கடைகள் தாங்களே வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். கட்டணத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கலைப் புத்தகத்துக்குப் பல சமயம் புத்தக விலையை நெருங்கிவிடும்.

9. சுங்கமும் அரிய புத்தகங்களும்

எல்லா ரசீதையும் ஒரே உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். ஒரே தலைப்பில் ஐந்து பிரதி வைத்திருந்தால் வியாபாரத்துக்கா என்ற கேள்வி வரும். நண்பர்களுக்கு என்றால் வேறு வேறு தலைப்பாக வாங்கிவிடுங்கள். புத்தக இறக்குமதி வரியும், தடை செய்யப்பட்ட புத்தகங்களின் பட்டியலும் நாட்டுக்கு நாடு வேறு. அரசியல், மதம், நிர்வாண ஓவியம் இந்த மூன்றிலும் ஏதாவது வாங்கினால், இறங்குகிற நாடு மட்டுமல்ல, நடுவில் வெளியே வந்து தங்கிப்போகிற நாட்டின் விதியையும் பாருங்கள்.

நூறு வயதைத் தாண்டிய புத்தகம், 50,000 யூரோவுக்கு மேல் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியே கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் வேண்டும். நம்மில் யாருக்கும் அந்தக் கவலை வரப்போவதில்லை. ஆனால் கையெழுத்துப் பிரதிகளுக்கு விலை வரம்பு வேறு மாதிரி, தனி நாடுகளின் சட்டங்களும் இன்னும் கடுமையாக இருக்கக்கூடும். கையெழுத்துப் பிரதியின் ஒற்றைத் தாளை ஆசைப்பட்டு எடுப்பதற்கு முன் ஏற்றுமதிக் காகிதம் யார் பொறுப்பு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். எந்தப் பழைய புத்தகமானாலும் தலைப்பு, ஆண்டு, விலை மூன்றும் எழுதிய ரசீது வாங்குங்கள். "பழைய புத்தகம் 1" என்று எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு சுங்க அதிகாரியிடம் எதையும் நிரூபிக்க முடியாது.

10. முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழி

ஒரே ஷெங்கன் விசாவில், ஒன்பது நாளில் முடிவது இது. லிஸ்பனில் இறங்கி இரண்டு இரவு, பெர்ட்ரான். மூன்று மணி நேர ரயிலில் போர்ட்டோ, இரண்டு இரவு. மறுநாள் காலை முதல் நேரத்தில் லெல்லோ. இதுவரை 3 கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள், அடுத்து விமானம். பாரீஸில் மூன்று இரவு: ஒரு காலை ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி, இரண்டு மதியம் நதிக்கரை. பிறகு லியேஜ் வழியாக ரயிலில் மாஸ்ட்ரிக்ட்; லியேஜ் வரை அதிவேக ரயிலில் இரண்டேகால் மணி நேரம், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணிக்கு மேல். அதிவேக ரயில் டிக்கெட் நாள் நெருங்க நெருங்க ஏறும். விசா வந்த அன்றே போட்டுவிடுங்கள். மாஸ்ட்ரிக்ட்டில் ஓர் இரவு. திரும்பும் விமானம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து. மாஸ்ட்ரிக்ட்டிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். இரவுக் கணக்கில் போர்ச்சுகல் நான்கு, பிரான்ஸ் மூன்று. அதனால் விண்ணப்பம் போர்ச்சுகலிடம்.

மாஸ்ட்ரிக்ட்டில் பெட்டியைக் கட்டியதும் தராசில் மாட்டித் தூக்குங்கள். 22க்கு மேல் காட்டினால் பக்கத்துத் தபால் கவுண்டர் எப்போது திறக்கும் என்று விடுதியில் கேட்டுவிட்டுத் தூங்குங்கள்.